பூஜ்யம் போட்ட வரிசை

ஏதோ ஒரு வெளி முகவரி காலையிலிருந்து எங்கள் அலுவலக சர்வரின் மேல் குப்பைத் தரவுப் பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. நெட்வொர்க் தலைவருக்கு அது கௌரவக் குறைச்சல்.

“ஃபயர்வாலெல்லாம் வாட்ச்மேன் வேலைம்மா. நான் அதுக்கும் முன்னாடி, சிஸ்டத்தோட கருவான கெர்னல்லயே, பாக்கெட் வந்து நிக்கிற வரிசையிலயே கழுத்தப் பிடிச்சுத் தள்ளுறேன், பாரு” என்று அட்மின் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஒரு தடை விதியைத் தட்டினார்.

ஒரே ஒரு முகவரியைத் தடுக்க, அதன் வாலில் 32 என்று எழுத வேண்டும். இவர் 0 எழுதினார். ஒன்றையும் விடக்கூடாதென்றால் பூஜ்யம்தானே என்று அந்த மகாமூளை கணக்குப் போட்டது. 0 என்றால் உலகத்து முகவரி அத்தனையும்.

இணையம் செத்தது. தலைவர் ஃபயர்வால் பட்டியலைத் திறந்து பார்த்தார். எதுவும் தடுக்கப்படவில்லை. வரிசையிலேயே வீசியெறிந்த பாக்கெட் ஃபயர்வால் வரைக்கும் எப்படி நடந்து வரும்? அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை.

“கேபிள் போச்சு” என்று தீர்ப்பளித்தார்.

கேபிள் போட்டவன் அவர் மனைவியின் தம்பி. அவனுடைய ஒப்பந்தம் அன்று மாலை புதுப்பிக்கப்பட வேண்டும். ஏணி மேல், கூரைப் பலகைக்குள் பாதி உடம்பை விட்டபடி கத்தினான்: “அத்தான், டெஸ்டர்ல எட்டு விளக்கும் எரியுது! கேபிள் நல்லாத்தான் இருக்கு!”

“விளக்கு எரியும்டா. உன் அக்கா முகத்துக்காக உன்ன வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி, அவன் காதுபட வாசித்தபடியே மேனேஜருக்கு மெயில் எழுதி அனுப்பினார். அது போகவில்லை. அவுட்பாக்ஸில் குந்திக்கொண்டது.

அட்மின் பெண் திரையைத் திருப்பினாள். “சார், கேபிள்ல எல்லாம் வருது. உங்க வரிசைதான் தூக்கிப் போடுது. இதுவரைக்கும் மூணு லட்சம் பாக்கெட்.”

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். “சரி, அந்த விதிய சத்தமில்லாம எடுத்துடு.”

“எடுத்தா உங்க மெயிலும் மேனேஜருக்குப் போயிடும் சார்.”

ஏணியிலிருந்து குதித்தவன், “மேடம், கைய எடுங்க! அத்தான் மொதல்ல அந்த மெயில அழிக்கட்டும்” என்றான்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இணையமில்லாமல் நாற்பது பேர் கதவருகே கூடிவிட்டார்கள். தலைவர் மெயிலை அழித்தார். அவள் விதியை நீக்கினாள்.

இணையம் வந்த மறு நிமிடமே மேனேஜருக்கு வேறு மெயில் பறந்தது: “கேபிள்கள் மிகச் சிறப்பாக உள்ளன என்பது என் நேரடி ஆய்வில் உறுதியானது. ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம்.”

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மைத்துனன், “ரெண்டு வருஷம்னு போடுங்க அத்தான்” என்றான்.

போட்டார்.