இரண்டாவது போத்தல்

1

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் துப்பறியும் தொடர்கதை ஒன்றுக்காக ஒரு குளக்கட்டைத் தகர்க்க வேண்டியிருந்தது. தகவல் தேடி, கிண்ணியாவுக்கு அப்பால் உள்ள ஒரு மண்கட்டைப் பரிசோதிக்கப் புறப்பட்ட பொறியியலாளர் இன்ஷிராவின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். (குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். தேடவும் வேண்டாம்.)

முதல் தொடக்கம்: டிக்... டிக்... கட்டின் வயிற்றுக்குள் அந்தக் கருவி...

அந்த வரியை அடித்துவிட்டேன். மண்கட்டுக்கு வெடிகுண்டு தேவையே இல்லை.

2

அடுத்த தொடக்கம்: மின்னலாய்க் குதித்து இறங்கினாள் இன்ஷிரா.

பொய். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டின் வெளிப்புற அடிவாரம் நெடுக வெறுங்காலோடு மெதுவாக நடந்தார். கொதிக்கும் மண்ணில் குளிர்ந்த இடத்தைப் பாதம் தேடியது. ஓரிடத்தில் நின்றார். பச்சைப்பசேலென்று வல்லாரை.

"என்ட பாத்திதான் மிஸ்," என்றார் முனீப். கட்டுக்குக் கீழே வயலும் வீடும் உள்ளவர். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திறல்ல. கட்டே ஊத்துது. சம்பலுக்குக் கொஞ்சம் கொண்டுபோங்க."

"எப்ப இருந்து இந்த ஈரம், காக்கா?" (காக்கா என்றால் அங்கே அண்ணன்.)

"போன போகத்திலயிருந்து. அல்லாட பரக்கத்து."

"பரக்கத்து மண்ணையும் கூட்டிக்கொண்டு வருதா எண்டு பார்ப்பம்."

3

(விளக்கம், சுருக்கமாக. மண்கட்டு கசியும், குற்றமில்லை. தெளிந்து வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால், தண்ணீர் கட்டை உள்ளிருந்தே அரிக்கிறது.)

கசிவில் கண்ணாடிப் போத்தலைப் பிடித்தார். கலங்கல்! எனக்கு முதல் அத்தியாயத்தின் முடிவு கிடைத்துவிட்ட...

இன்ஷிரா அதைக் கீழே ஊற்றினார். "இது என்ட காலால கலங்கினது, சேர். கட்டில பழி போட ஏலாது. இன்னொரு போத்தல் பிடிப்பம்."

அங்கேயே நான் அவருக்கு ரசிகனானேன். என் துப்பறிவாளர்கள் முதல் தடயத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

4

"ரெண்டாவது போத்தல்லயும் மண் கிடந்தா?" முனீப் கேட்டார்.

"துருசுக் கதவைத் திறந்து குளத்துத் தண்ணிய இறக்கோணும்."

"நெல்லு குடலையில, கதிர் வெளிய வராம நிக்குது மிஸ். இப்ப தண்ணி இல்லாட்டி பதர்தான் மிஞ்சும்."

"உங்கட ஊடு எங்க காக்கா?"

கட்டுக்கு நேர் கீழே கைகாட்டினார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

முனீப் மண்வெட்டியை ஓங்கினார்...

இல்லை, அது என் பழக்கதோஷம். முனீப் குந்தியிருந்து, தன் வல்லாரையைத் தானே பிடுங்கத் தொடங்கினார். "வடிவாப் பாருங்க. இலை மறைச்சிட்டு எண்டு பிறகு சொல்லப்படாது."

இன்ஷிரா சிறு குழி தோண்டினார். தோண்டிய கலங்கல் வடிந்து ஓடும்வரை காத்திருந்தார். பிறகு, விரல்கூட அடியில் படாமல், இரண்டாவது போத்தல்.

5

முடிவு அ: தெளிவு. முனீப்புக்கு வல்லாரை மட்டும் நட்டம்.

முடிவு ஆ: அடியில் மண். துருசு திறக்கிறது, வயல் போகிறது, வீடு நிற்கிறது.

இரண்டையும் எழுதினேன்; இரண்டையும் கிழித்தேன். இன்ஷிரா அவசரப்படாத இடத்தில் நான் அவசரப்படுவதா?

போத்தல் கட்டின் மேல், ஒரு கல்லில் இருக்கிறது. மண் இருந்தால், இந்நேரம் படிந்திருக்கும். நீங்களே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குலுக்கிவிடாதீர்கள்.

முனீப் போத்தலைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.