எண்ணெய் குடித்த பியானோ

கடல்நீர் ஏறிவரும் பொழுதில் சிலாங்கூர் ஆறு தன் போக்கை மறந்தாற்போல் தயங்கி நிற்க, கரைச் சதுப்பின் வேர்களுக்கிடையே வெண்கொக்குகள் இரை தேடி நடக்க, கோல சிலாங்கூர்க் குன்றைப் பின்னிட்டு உள்நாடு நோக்கி ஓடும் சாலையின் இருமருங்கும் எண்ணெய்க்கென வளர்த்த செம்பனை மரங்கள் படையென அடிவானம் வரை அணிவகுத்து நின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டின் ஆனி வெயில் அம்மரங்களின் மேல் காய்ச்சிய வெள்ளீயம்போல் வழிந்துகொண்டிருந்தது. கற்றறிந்த வாசகரே, பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரை நெருங்குமுன் பிரியும் செம்மண் வழியில் அன்று நீவிர் நடந்திருந்தால், எண்ணெய் ஆலையின் உறுமலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சிறுவரின் கூச்சலும் கலந்துவரும் அவ்வேளையில், அவ்விரண்டோடும் ஒட்டாத மூன்றாவதோர் ஒலியையும் கேட்டிருப்பீர். அது பியானோவின் ஒலி.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி காப்ரியலின் மனைவி யூஜினியா அதனை வாசித்துக்கொண்டிருந்தாள். நாடு திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் அவள் தந்தைக்கு விட்டுச்சென்ற பியானோ அது. பள்ளி விடுமுறையாதலால் பிற்பகல்தோறும் பிள்ளைகள் கற்க வந்தனர். காலைப்பொழுது முழுவதும் அவளுக்கே உரியது. இசை ஆசிரியர்க்குரிய பட்டயத் தேர்வு ஆவணியில் தலைநகரில் நடைபெறவிருந்தது. புரட்டாசியில் குடும்பம் ரவாங்குக்குக் குடிபெயர வேண்டும்; அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் காப்ரியலுக்கு வேலை உறுதியாகியிருந்தது. புதிய வீடோ சிறியது. முன்னறையில் மெத்தை இருக்கைகள் வைத்தால் பியானோவுக்கு இடமில்லை. பியானோ வைத்தால் வந்தவர் உட்கார இடமில்லை.

"பாஸ் பண்ணிட்டா பியானோ வரட்டும், இல்லன்னா கிள்ளான் பழைய பியானோக் கடைக்காரன்கிட்ட கொடுத்துடுவோம். சரியா யூஜி?" என்று காப்ரியல் கேட்டபோது, அவள் "சரி" என்றாள். அந்தச் சொல்லைத் தாங்கவே அவள் விரல்கள் அக்கோடை முழுதும் உழைத்தன.

கடற்காற்றின் ஈரம் பியானோவின் மரத்துக்குள் புகுந்ததனால், இடப்பக்கக் கட்டைகள் சில அழுத்தினால் எழ மறுத்தன. காப்ரியல் இதனை அறிந்திருந்தான். அவன் பகலெல்லாம் ஆலையை அடுத்து வாழ்பவன். சிக்கிய எந்திரத்துக்கு எண்ணெயே மருந்து என்பதை நாள்தோறும் கண்டவன். மனைவி கோல சிலாங்கூர்த் தேவாலயத்துக்குச் சென்றிருந்த ஞாயிறன்று, அவளை மகிழ்விக்க எண்ணி, ஆலை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொருத்துநர் ஐயாவுவை அழைத்துவந்து, பியானோவின் முன்பலகையைக் கழற்றி, இடக்கோடி முதல் நடுப்பகுதி வரை எந்திரங்களுக்கு இடும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான்.

"ஊத்துங்க தம்பி, இரும்பே வழுக்கிட்டு ஓடும், இது வெறும் மரந்தானே லா" என்றார் ஐயாவு.

மரம் வழுக்கவில்லை, குடித்தது. கட்டைகளுக்கு அடியிலிருந்த கம்பளித் துண்டுகள் நீரில் ஊறிய பயறுபோல் உப்பிக் கட்டைகளை இறுகப் பற்றிக்கொண்டன. மாலையில் திரும்பிய யூஜினியா இடக்கையை வைத்தாள். ஒரு கட்டையும் அசையவில்லை. எண்ணெய் மணம் மட்டும் எழுந்தது.

"ஒனக்கு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேன்" என்றான் காப்ரியல்.

அவள் அழவில்லை, வையவுமில்லை. விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "கழட்டின கை உங்க கைதானே? இப்ப எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள்.

மறுநாள் காலை சுத்தியல் தொகுதியை வெளியே எடுத்து வைத்து, எண்ணெய் ஏறிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து, வரிசை மாறாமல் வாசலில் பாய்விரித்து வெயிலில் பரப்பினார்கள். அண்டைவீட்டுத் திலகம் வேலிமேல் கைவைத்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா டீச்சரம்மா, கருவாடா காய வைக்கிறீங்க?"

"ஆமா திலகம், கொழம்புக்கு ஆகாது. எண்ணெய உறிஞ்ச எதாச்சும் மாவு இருந்தா கொடேன்."

திலகம் தன் கைக்குழந்தைக்குப் பூசும் மாவுக் குப்பியைக் கொண்டுவந்தாள். "பியானோக்கு வேர்க்குரு வந்துருச்சு போல! நல்லாப் போடுங்க, பாவம், அரிக்கும்ல" என்றாள். காப்ரியல் கோழிகளை விரட்டியபடியே நாணத்தோடு சிரித்தான். யூஜினியாவும் சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பு முடியுமுன்பே அவள் கை அடுத்த கட்டைக்கு மாவு தூவத் தொடங்கியிருந்தது.

கட்டைகள் மீண்டும் ஏறின. பலவும் உயிர்பெற்றன. ஆழ்ந்த ஒலிதரும் இடக்கோடிக் கட்டைகள் மட்டும் கல்லென இறுகி, முழுவலுவோடு அழுத்தினாலன்றி முனகவும் மறுத்தன. அவள் முழுவலுவோடு அழுத்தினாள். தோள் நோக, மணிக்கட்டு வீங்க, வெந்நீர் ஒற்றடம் இட்டுக்கொண்டு, சேற்றில் ஏர் பிடிப்பவள்போல் நாள்தோறும் அந்த மூலையை உழுதாள். பிள்ளைகள் வந்தபோது வலியை மறைத்துப் பாடம் சொன்னாள்.

தேர்வு நாள் வந்தது. தலைநகரின் குளிர்ந்த கூடத்தில் கருங்கல்போல் பளபளத்த பெரிய பியானோ ஒன்று காத்திருந்தது. தொடக்கம் நன்றாகவே சென்றது. பின்னர் இசை ஆழத்துக்கு இறங்க, எண்ணெய் குடித்த மரத்தோடு மல்லாடிப் பழகிய அவள் இடக்கை, பூவைத் தொட்டாற்போல் இசையும் அந்தக் கட்டைகளின் மேல் சம்மட்டியாய் விழுந்தது. கூடம் இடித்தது. தன் கை எழுப்பிய ஓசைக்குத் தானே நடுங்கி அவள் வழி தவறினாள், மீண்டாள், மீண்டும் தவறினாள்.

தேர்ச்சியில்லை என்னும் முடிவு தோட்ட அலுவலகத்துக்கு வந்த அஞ்சலில் இருந்தது. காப்ரியல் அதனைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் படித்து முடிக்கும்வரை வாசற்படியில் நின்றான். அவள் முகமே அவனுக்கு உணர்த்திற்று.

"என்னாலதான்" என்றான்.

"உங்க எண்ணெய் பாதி, என் கை பாதி. அடிச்சது என் கை."

"பியானோவ விக்க வேணாம் யூஜி. லோரியில அதத்தான் மொதல்ல ஏத்துறோம்."

அவள் தலையசைத்து மறுத்தாள். "பாவம் பாத்து ஏத்துறதுன்னா அது இங்கயே கெடக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடியும் போய் உக்காருவேன். ரவாங்குல வீடு வீடாப் போய் நானே புள்ளைங்களச் சேப்பேன். அதுக்கு பியானோ வேணும். அதுக்காக ஏத்துறீங்களா?"

"அதுக்காகத்தான்" என்றான் அவன். பின்னர்த் தாழ்ந்த குரலில், "வர்றவங்க பாயில உக்காரட்டும்" என்றான்.

அதற்குள் திலகத்தின் மூத்தமகள் ரமணி பாடத்துக்கு வந்து கதவருகே தயங்கி நின்றாள். யூஜினியா முகம் கழுவிவந்து அவளைப் பியானோவின் முன் அமர்த்தினாள். சிறுமியின் இடக்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, அதன் எடையை அறிபவள்போல் சிறிதுநேரம் வைத்திருந்து, "மெதுவா. கட்டை எழுந்து வர்றதுக்கு எடம் கொடு" என்றாள். காப்ரியல் வாசலில் அமர்ந்து, புரியாததனைப் புரிந்துகொள்ள முயல்பவனாய்ச் செவிகொடுத்தான்.

வென்றவர்க்கு அடுத்த நாள் என்பது தானே வந்து வாசலில் நிற்கும். தோற்றவர் அதனைப் போய் அழைத்துவர வேண்டியிருக்கிறது. அவர்கள் இருவராய்ப் புறப்பட்டனர். ஒருவர் கெடுத்ததை அருகமர்ந்து இருவரும் செப்பனிடவும், செப்பனிட இயலாததை இருவரும் சுமந்து செல்லவும் வாய்ப்பது எளிய பேறு போலத் தோன்றும். வாசகரே, அது எளியதன்று. எல்லார்க்கும் நெடுநாள் நிலைப்பதுமன்று.