உள்ளே ஒருவர் இருந்தால் போதும்

எங்கள் வீட்டுக் கதவுக்கு என்னைப் பிடிக்காமல் போய் ஐந்து வாரம் ஆகிறது. என் மனைவிக்கு என்னைப் பிடிக்காமல் போய் ஐந்து வாரமும் இரண்டு நாளும் ஆகிறது. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். இரண்டுக்கும் காரணம் என் போன் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

முதலில் மனைவி. அவளுடைய அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அன்று, அவள் எனக்குப் பதினோரு முறை போன் செய்திருக்கிறாள். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்துப் போட்டு, ரோலருக்குள் சிக்கிய பேப்பரைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதான என் போன் சட்டைப் பையில் உறைந்து கிடந்தது. அது அப்படித்தான், அவ்வப்போது உறையும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் உறைந்திருக்கிறது என்பதை அது நமக்குச் சொல்லாது.

அக்காவை அவளே தனியாக ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, ஆபரேஷன் அறை வாசலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இந்தப் போனைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றாள்.

"போன் நல்லாத்தான் இருக்கு. நீ பதட்டத்துல வேற நம்பருக்கு அடிச்சிருப்ப" என்றேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆனவன் வாயிலிருந்து வரக்கூடாத வாக்கியம் அது. பதினோரு முறையுமா வேறு நம்பருக்கு அடிப்பாள்? அன்றோடு பேச்சு நின்றது.

இதில் இன்னொரு வேடிக்கை. "இந்த மாடலுக்கு இனிமே பார்ட்ஸ் வராது சார், புதுசு வாங்கிடுங்க" என்று நாளைக்கு நாலு பேரிடம் சொல்வதுதான் என் பிழைப்பு. கேட்பவர்களின் முகம் வாடுவதைப் பார்த்தும் இரக்கமில்லாமல் சொல்வேன். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

எங்கள் வீட்டில் பேச்சு நின்றால் வீடு நின்றுவிடாது. அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மகள் இருந்தவரை அவள் வழியாகப் பேசிக்கொள்வோம். "அப்பாகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லு." "அம்மாகிட்ட எனக்குப் பசியில்லன்னு சொல்லு." மகள் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தபிறகு அந்தப் பதவி ஃபிரிட்ஜுக்குப் போனது. சமையலறையில் நின்று ஃபிரிட்ஜைப் பார்த்து, "கேஸ் தீரப் போகுது" என்பாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் போய், "நாளைக்கு வந்துடும்" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வேன். அதுவும் உர்ரென்று ஓர் ஒலி எழுப்பி ஆமோதிக்கும். ஃபிரிட்ஜிடம் சொன்னது சொன்னதுதான். காதில் விழவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. இது எழுதாத சட்டம்.

அடுத்தது கதவு. போன வருஷம் குடியிருப்போர் சங்கத்தில் எல்லா வீட்டுக் கதவிலும் சாவித்துவாரத்தை அடைத்துவிட்டு, போனால் திறக்கும் பூட்டைப் பொருத்தினார்கள். கதவைச் சாத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால் திறக்கும். வெளியிலிருந்து திறக்க போன் வேண்டும். "உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் ஒரு விரலை வெச்சு உங்க வீட்டைத் திறக்கலாம்" என்று செயலாளர் கூட்டத்தில் விரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினோம்.

சண்டை போட்ட மூன்றாம் நாள் மாலை, வாசலில் நின்று போனை நீட்டினேன். கதவு அசையவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு: "பூட்டுச் செயலியின் புதிய பதிப்பை நிறுவவும்." நிறுவப் போனேன். "புதிய பதிப்பு உங்கள் கருவியில் இயங்காது." பழைய பதிப்பையே வைத்துக்கொள்கிறேன் என்றால், "பழைய பதிப்பு இனி செயல்படாது." பணிவான தமிழில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

செயலாளரிடம் போனேன். மனிதர் நல்லவர், உட்காரச் சொன்னார்.

"உங்க போன் ரொம்பப் பழசு சார். கம்பெனிக்காரன் கைகழுவிட்டான்."

"வேற வழி?"

"கார்டு தருவாங்க. கதவுல காட்டினா திறக்கும். அதுக்கு விண்ணப்பம் போடணும்."

"எங்க போடணும்?"

"செயலியிலதான்."

அவர் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பிறகு அவர் ஆறுதலாகச் சொன்னார்: "உள்ள ஒருத்தர் இருந்தா போதும் சார். பிரச்சினையே இல்ல."

உள்ளே ஒருத்தி இருந்தாள். மணியை அழுத்தினால் கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போவாள். புதுப் போன் வாங்கியிருக்கலாம்தான். வாங்கினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். இதுதான் காரணம் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் உண்மை தெரிந்தது. அந்த ஒரு நொடிதான் நாள் முழுக்க நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம். அதற்காக நான் மாலையில் கொஞ்சம் சீக்கிரமாகவே வர ஆரம்பித்திருந்தேன்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை. "அக்கா வீட்டுல போய் ஒரு மாசம் இருக்கப் போறேன்" என்று சண்டையன்று இரவே துணியை அடுக்கி வைத்த பை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியும் பை நகரவில்லை. தினமும் கதவு திறந்ததும் அவள் முகத்துக்கு அடுத்து அந்தப் பையைத்தான் பார்ப்பேன். இருக்கிறது. அப்பாடா. ஒரு மாதம் போகிறவள் திரும்பி வராமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. அவள் விரும்பினால் போய்விட்டு, அங்கிருந்தே போனில் எனக்குக் கதவைத் திறந்துவிடலாமே. போகவில்லை என்றால் போக மனமில்லை என்றுதானே அர்த்தம். கோபம் தணிகிறது, இன்னும் ஒரு வாரத்தில் ஃபிரிட்ஜுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், நான் வீட்டில் இருக்கும்போது, அக்காவைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது மணியை அழுத்துவாள். வாரம் பூராவும் அவள் எனக்குக் கதவு திறக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை என்னை எழுந்து திறக்க வைத்துப் பழி தீர்க்கிறாள் என்று புரிந்துகொண்டு, ரோஷத்தோடு நிதானமாக நடந்துபோய்த் திறப்பேன்.

தையல் மெஷினையும் ஜன்னலோரத்திலிருந்து வாசலோரத்துக்கு நகர்த்தியிருந்தாள். அக்கம்பக்கத்தாரின் பேண்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அதில்தான். வாசலோரத்தில் வெளிச்சம் போதாது. ஏன் நகர்த்தினாள் என்று கேட்கப் பேச்சு இல்லை.

நேற்று மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தேன். ஒரே நாளில் வாங்கிய இரண்டு மெஷின்கள். ஒன்று படுத்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்துவிட்டு, நன்றாக ஓடிய மற்றதையும் திறந்தேன்.

"அது நல்லாத்தான் ஓடுது" என்றார் கிளார்க்கம்மா.

"ரெண்டும் ஒரே லாட் மேடம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் படுக்கும். எப்பவும் ரெண்டையும் பாத்துடணும்" என்றேன் பெருமையாக.

அப்போது போன் அடித்தது. அவளுடைய அக்கா.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. பிடிச்சுக்கிட்டு நடக்கச் சொல்லியிருக்காங்க. தனியா எந்திரிக்கப் பயமா இருக்கு. ஒரு வாரத்துக்காவது அவளை அனுப்பி வைக்க முடியுமா?"

"அண்ணி, நானா பிடிச்சு வெச்சிருக்கேன்? அவளுக்குப் போக மனசில்ல, இருக்கா."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? அவ கிளம்பிட்டா நீங்க எப்படி வீட்டுக்குள்ள போவீங்கன்னுதானே உட்கார்ந்திருக்கா. அவ போன்லயும் அந்தப் பூட்டு வேலை செய்யலயாமே."

கையில் ரோலர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

என் போனும் அவள் போனும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. முனையில் விரிசல் இருந்தால் அவளுடையது, இல்லாவிட்டால் என்னுடையது. ஊரான் மெஷினை ஜோடி ஜோடியாகத் திறந்து பார்க்கிற எனக்கு, இது ஐந்து வாரமாகத் தோன்றவில்லை.

"என்கிட்ட அவ சொல்லவே இல்லையே அண்ணி."

"சொன்னாளாமே. பூட்டு நின்ன மறுநாள் காலைலயே சொன்னேன், காதுலயே வாங்கிக்கல, குழாயைத் திறந்துவிட்டுக் குளிச்சுக்கிட்டிருந்தாருன்னா."

ஃபிரிட்ஜிடம் சொல்லியிருக்கிறாள். சட்டப்படி சரிதான். ஃபிரிட்ஜும் ஆமோதித்திருக்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்குப் போனேன். "இதுக்கு அஞ்சு வருஷம் அப்டேட் வரும் சார்" என்றார் கடைக்காரர். அப்புறம் என்று கேட்டேன். புதுசு வாங்கிடுங்க என்றார். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

வீட்டு வாசலில் நின்று செயலியை நிறுவினேன். உள்ளே தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. இரண்டு தையலுக்கு ஒருமுறை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறாள். ஜன்னலோரத்தில் இருந்தால் மெஷின் சத்தத்தில் மணி கேட்காது. வெளிச்சத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

போனை நீட்டினேன். கதவு திறந்தது. கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டியபடி பாதி எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அப்போ நான் கிளம்பலாம்" என்றாள். ஃபிரிட்ஜிடம் இல்லை, என்னிடம்.

போகாதே என்று வாய்வரை வந்தது. "கிளம்பு. நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

அக்கா வீட்டு வாசலில் பையை இறக்கிக் கொடுத்தபோது சொன்னேன்: "அன்னிக்கு நீ சரியான நம்பருக்குத்தான் அடிச்ச. பதினோரு தடவையும். தப்பு என்னோடதுதான்."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "இதை ஃபிரிட்ஜ்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? அஞ்சு வாரமா அங்கதானே நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். கையில் புதுப் போன். எந்த மூலையிலிருந்தும் திறக்கும். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் மணியை ஒருமுறை அழுத்தினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு போனை நீட்டினேன்.