வேளாங்கண்ணிக்காக ஒரு மன்றாட்டு

உலகக் கோப்பை கால்பந்து தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. ஜெயபால் வீட்டு டிவியோ கறுப்பாகவே கிடந்தது. கச்சான் காற்று கேபிள் வயரை அறுத்துப் போட்டுவிட்டது. சரி, மொட்டைமாடியில் டிஷ் மாட்டலாம் என்று ஆளைக் கூப்பிட்டால், "கவர்மெண்டு கட்டுன காலனி. ஆபீஸ் லெட்டர் இல்லாம ட்ரில்லு போடமாட்டேன்" என்று அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கடிதத்துக்காகப் பாம்பனுக்கும் ராமநாதபுரத்துக்கும் ஜெயபால் நடையாய் நடந்தார். ஒரு நாள் ஜெராக்ஸ் சரியில்லை, ஒரு நாள் சார் லீவு, இன்னொரு நாள் சர்வர் படுத்துவிட்டது. அந்த ஆபீஸ் எழுத்தர் சேதுலட்சுமி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கடைசியில் வாய் தவறிச் சொன்னார் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றேதான் சொன்னார்.

"வீட்டுக்காரி சாகக் கெடக்காம்மா. மாதா கோயிலுக்குப் போக ஏலாது. டிவியிலயாவது பூசை பாக்கணும்னு ஆசப்படுறா."

சேதுலட்சுமி முதல் தடவையாக நிமிர்ந்தார். பேரென்ன, எந்தக் கோயில் என்று கேட்டார். தானே எழுந்து போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். மறுநாளே டிஷ் ஏறியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து ஜெயபாலுக்குச் சிரிப்புகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், புதிதாக வந்திருந்த சாமியார் மன்றாட்டு வாசித்தார்: "சேதுலட்சுமி என்ற சகோதரி போனில் கேட்டுக்கொண்டபடி, மரணப் படுக்கையில் இருக்கும் ஜெயபாலின் மனைவி வேளாங்கண்ணிக்காக மன்றாடுவோம்."

பெண்கள் பக்கம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த வேளாங்கண்ணியை ஊரே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று தனக்காகத் தானே சொன்னாள். ஜெயபால் வெட்கத்தில் குறுகிப்போனார்.

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வேளாங்கண்ணி சொன்னாள்.

"ஒரு பந்தாட்டத்துக்கு என்னையச் சாகடிச்சிட்டீக. அதுகூடப் போகுது. யாரு எவருன்னே தெரியாத அந்தம்மா நமக்காக வேண்டியிருக்காக. நாளைக்குப் போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க."

திங்கட்கிழமை அவரைக் கண்டதும் சேதுலட்சுமி பதறி எழுந்தார். தன் நாற்காலியையே அவருக்கு நகர்த்திப் போட்டார். தொங்கிப்போன முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரல் கம்மியது.

"அவுக போயிட்டாகளாய்யா?"

ஜெயபால் உட்காரவில்லை. 

"பொழச்சிட்டாம்மா" என்றார்.

"மாதா கைவிடல." சேதுலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடமும் அந்த நல்ல சேதியைச் சொன்னார். வேளாங்கண்ணியிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல், ஜெயபால் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.