வண்டிக்கு ஒன்றுமில்லை

மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் பிக்கப் வண்டி ஓட்டுகிற ஒரே பெண் கந்தம்மாள்தான். கணவர் குருநாதனுக்கு முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, அவரே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். மகன் சந்தோஷ்குமார் திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். படிப்படியாக இறங்கும் பூண்டுக் காடு, அதன் கால்மாட்டில் ஒரு வீடு, வாசலில் அந்தப் பழைய பெட்ரோல் வண்டி. அவளுக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

காட்டு வேலைக்கு வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. சில நாள் காலையில் வேலையாளைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரல் கட்டிக்கொண்டு வரும். இருமிச் சரிசெய்துகொள்வாள்.

குருநாதன் போன அடுத்த மழையில், கேரட் மூட்டைகளோடு பூம்பாறை ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது. இன்னொரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த இப்ராம்சாவின் பட்டறையில் விட்டார்கள். அவர் இன்ஜினில் பொறி தட்டும் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். நாலின் நுனியும் தேய்ந்து, கரி அப்பிக் கிடந்தது.

“பழைய இன்ஜின் தங்கச்சி. பிளக்கைக் காலாகாலத்துல மாத்திரணும். இல்லாட்டி இப்படித்தான் ஏத்தத்துல காலை வாரிவிட்ரும்.”

“எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும்ண்ணே?”

“இருபதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். மலையில பாரம் ஏத்துற வண்டி, கொஞ்சம் முன்னாடியே பாத்துக்கிறது நல்லது.”

அந்த ‘கொஞ்சம் முன்னாடி’யைக் கந்தம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இப்ராம்சாவின் மனைவி சர்புன்னிசா வந்து, நனைந்த துணிகளைச் சூடான பானெட்டின் மேல் விரித்துப்போடுவாள். கொடைக்கானல் மூடுபனியில் வாரக்கணக்கில் காயாத துணி அதில் காய்ந்துவிடும். “உங்க வண்டி வந்தாத்தான் எனக்கு வெயிலு” என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள்.

உள்ளே இஞ்சி தட்டிப் போட்ட டீ. அவரைக்காயை நடுவில் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் நார் உரித்தபடி பேசுவார்கள். சர்புன்னிசாவின் மூச்சிரைப்பு, பழனியில் கட்டிக்கொடுத்த மகள் ஸைமா, கந்தம்மாளோடு பேசாத மருமகள், காட்டுமாடு மிதித்துப்போன பூண்டுப் பாத்தி. ஒருமுறை குருநாதனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கந்தம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.  சர்புன்னிசா காய்த் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டி பட்டறை வாசலில் நின்றது. “மிஸ்ஸிங் அடிக்கிற மாதிரி இருக்குண்ணே” என்பாள். இப்ராம்சா கழற்றிப் பார்ப்பார். பிளக்கின் நுனி நல்ல காப்பி நிறத்தில் இருக்கும். துடைத்து, நுனி இடைவெளியைச் சரிபார்த்துத் திரும்ப மாட்டுவார். அவள் விடாமல் கேட்டால் புதிது போடுவார்.

போன ஆவணியில் அவருக்கே பொறுக்கவில்லை.

“தங்கச்சி, மலையில இம்புட்டுத் தூரம் ஒத்தப் பொம்பளையா இதுக்குன்னு அலையுறீங்க. எனக்கே கஷ்டமாத்தேன் இருக்கு. திண்டுக்கல்ல இருந்து ஒசந்த பிளக்கு வரவழைச்சு மாட்டிருக்கேன். லட்சம் கிலோமீட்டருக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். இனிமே இந்தப் பக்கமே நீங்க வர வேணாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். கந்தம்மாள் தலையை ஆட்டினாள். வரும் வழியெல்லாம் வண்டி ஒரு திணறல் இல்லாமல் ஏறியது. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை.

ஐப்பசி முழுக்க மழை. ஒருநாள் மனசு கேட்காமல் கிளம்பினாள். பட்டறைக்கு முந்தின திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி ஒரு பிளக்கின் வயரைத் தளர்த்திவிட்டாள். வண்டி விக்கி விக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தது. இப்ராம்சா குனிந்து பார்த்தார், கையால் ஒரு அழுத்து அழுத்தினார்.

“வயரு லூசாயிருச்சு. அம்புட்டுத்தேன், கெளம்புங்க.”

சர்புன்னிசா அடுப்பைக்கூடப் பற்றவைத்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து, “அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றாள். கந்தம்மாளுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. திருடப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி வண்டியைத் திருப்பினாள். அதன் பிறகு போகவில்லை. சும்மா வந்தேன் என்று ஒரு வீட்டுக்குள் நுழைந்து அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணம், கருமாதி, கொள்முதல், இப்படி எதையாவது கையில் வைத்துக்கொண்டுதான் அவள் எங்கேயும் போயிருக்கிறாள்.

தை பிறந்தது. பூண்டு மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி தானாகப் பட்டறைப் பக்கம் திரும்பியது போலிருந்தது. இப்ராம்சா தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

“மதினி எங்கண்ணே?”

“பழனிக்குப் போயிட்டா. மூச்சு ரொம்ப இழுத்துருச்சு. இனிமே குளிர் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸைமா வீட்டுலதேன். கார்த்திகையில போனவ.”

“எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொல்லச் சொன்னா தங்கச்சி. ஒங்க போன் நம்பரு எங்ககிட்ட இல்ல. வண்டி வந்தாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். வண்டி வரலியே.”

கந்தம்மாள் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “விலாசம் சொல்லுங்கண்ணே” என்றாள்.

அவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, கேட்காமலே பிரேக்கைப் பார்த்துக்கொடுத்தார். “பெருமாள்மலை தாண்டி எறங்குறப்ப செகண்டு கியர்லயே விடுங்க. பிரேக்கை நம்பாதீங்க.” பேசிக்கொண்டே பூட்டைத் திறந்து உள்ளே போய், சர்புன்னிசாவின் கம்பளிச் சால்வையை எடுத்துவந்தார். அடிவாரத்தில் அது தேவைப்படாது என்று அப்போதுதான் நினைவு வந்தவர் போல அதைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

பழனிப் பாதையில் அவள் அதற்கு முன் இறங்கியதே இல்லை. வளைவுக்கு வளைவு காது அடைத்தது. ஸ்வெட்டர் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கீழே வெயில். காவடியோடு நடந்த கூட்டத்துக்குள் ஊர்ந்து ஸைமா வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது.

வீடு நிறைய ஆட்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சர்புன்னிசா மின்விசிறிக்கு அடியில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஸைமா எழுப்பியதும் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சநேரம் அவளுக்கு நம்ப முடியவில்லை.

“வண்டிக்கு என்ன கந்தம்மா?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல மதினி. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

 சொல்லிவிட்டுக் கந்தம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சர்புன்னிசா எழுந்து உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இங்க மூச்சு நல்லாத்தான் விடுறேன்” என்றாள் மெதுவாக. “எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாக. பேசத்தான் ஆளில்ல. ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, பாதியில எந்திரிச்சுப் போயிர்றாக.”

“மேல வர முடியாதா?”

“இனி ஏறமாட்டேன் கந்தம்மா.”

அதிகம் பேச முடியவில்லை. பிள்ளைகள் வந்து வந்து நின்றன. யாரோ சாப்பிடச் சொன்னார்கள். இருட்டுவதற்குள் மலையேற வேண்டும். கிளம்பும்போது ஸைமா தன் நம்பரைக் கந்தம்மாளின் போனில் அழுத்திக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளனே கந்தம்மாள் காட்டின் மேல்படிக்கு ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஸைமா எடுத்தாள்.

“அம்மா தூங்குறாங்க அத்தை. எதும் முக்கியமா?”

“இல்லம்மா. எந்திரிச்சதும் பேசச் சொல்லு. நான் இங்கயே இருக்கேன்.”

கீழே வேலையாட்கள் வந்துவிட்டிருந்தார்கள். வேலுத்தாய் தலையை உயர்த்தி, எந்தப் பாத்தியில் களை எடுக்க என்று சத்தம் போட்டுக் கேட்டாள். கந்தம்மாள் கையைக் காட்டிவிட்டு, ஈரக் கல்லின் மேல் முந்தானையை விரித்து உட்கார்ந்தாள்.