தொரை வண்டிக்கு எலுமிச்சம்பழம்

ஓடாத வண்டிக்குப் பூசை போடுகிற ஆண்மகன் எங்கள் மஸ்ஜித் தானா ஊரில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவரும் புருஷனாக என் தலையில் வந்து விடிந்தார். பெயர் ஹரிதாஸ். தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மெக்கானிக். அப்படி அவர்தான் சொல்லிக்கொள்கிறார்.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை ஏறிச் சுற்றிய பழைய லேண்ட் ரோவர். தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல் மூடிக் கிடந்ததைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்பக்கப் போர்ச்சில் இறக்கினார். அன்றைக்கே என் பிழைப்பில் மண் விழுந்தது. அந்தப் போர்ச்சில்தான் என் அடுப்புகள் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் சாப்பாட்டுக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். வண்டி வந்த பிறகு அண்டா வைக்க இடம் ஏது? பின்பக்கம் துணி துவைக்கிற மூலையில் ஒற்றை அடுப்போடு ஒடுங்கிக்கொண்டேன். பெரிய ஆர்டர்கள் எல்லாம் கைவிட்டுப் போயின.

“ரெண்டே மாசம்லா ஜானகி. ஓட விட்டுக் காட்டுறேன் பாரு” என்றார். அதன் பிறகு தீபாவளியே இரண்டு முறை வந்து போய்விட்டது.

கழற்றுவதில் மட்டும் சூரர். ஒரு நட்டைக் கழற்றினால் அதற்கு நாலு போட்டோ, உடனே பழைய வண்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ‘சூப்பர் பாஸ்’ என்று பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். மாட்டுகிற நாள்தான் வரவே வராது. என் இட்லித் தட்டின் குழிகளில் நட்டுகளைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்த அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த வண்டியில் உருப்படியாக வேலை செய்தது ஹாரன் ஒன்றுதான். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை அதை அடித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். கர்மம்!

அந்த ஹாரனுக்குப் பயந்த ஒரே ஆள் என் மாமனார் வீரமுத்து. அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் சீவியவர். சத்தம் கேட்டால் போதும், கையில் தேத்தண்ணி மங்கு இருந்தாலும் சட்டென்று சுவரோரம் ஒதுங்கித் தலைத்துண்டை எடுத்துவிடுவார். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு துண்டை மறுபடி கட்டுவார். தொரை வண்டி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்துச் சாக்கடைக் கானில் நிற்க வேண்டுமாம். ஒருநாள் தோளில் பால் வாளிகளோடு ஒதுங்கப் போய், வழுக்கி, பால் முழுக்கக் கொட்டிப்போனதாம். வண்டி நிற்காமல் போனதாம். அதே வண்டி வீட்டுக்கு வந்த நாள் முதல் மாமா முன்வாசல் பக்கமே வருவதில்லை. பின்கதவுதான். பெற்ற அப்பனைப் பின்கதவுக்கு அனுப்பிவிட்டு அந்த வண்டிக்குப் பாலீஷ் போடும் பிள்ளையை என்னவென்று சொல்ல?

அப்போதுதான் சுங்கை ரம்பாயிலிருந்து தேவிஸ்ரீ என்ற பெண்ணின் கல்யாணச் சாப்பாடு என்னைத் தேடி வந்தது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். போர்ச் கிடைக்காவிட்டால் ஊர்முழுக்க என் பெயர் நாறிவிடும்.

“வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க வண்டி இந்த கேட்டத் தாண்டணும். இல்லன்னா பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். நான் சொல்லி வச்சிட்டேன்” என்றேன்.

“சாமி மேல சத்தியமாத் தாண்டும்” என்றார்.

ஞாயிறும் வந்தது. பின்சக்கரத்துக்கு மாட்ட வேண்டிய ஷாஃப்ட் மட்டும் வரவில்லை. உடைந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதற்கு இன்டர்நெட்டில் சொல்லியிருந்தார். கால் பிரேக்குக்கு எண்ணெய்கூட ஊற்றவில்லை. அப்படியிருந்தும் காலையிலேயே பூசாரி காளிமுத்து மாலையோடு வந்து நிற்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. பூசை போட்ட வண்டியை இரும்புக்குத் தூக்கிக் கொடுக்க எனக்குக் கை வராது என்று மனக்கோட்டை. சாமியைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறார், நெஞ்சழுத்தம்!

வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிரஷாந்த் என்ற இன்ஜினியரும் வந்திருந்தான். நெஞ்சில் லேண்ட் ரோவர் படம் போட்ட சட்டை. நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது.

“அப்பா, தொரை சீட்டுல உக்காருங்கப்பா. ஒரே ஒரு போட்டோ. இதுக்காகத்தான் இவ்ளோ பாடுபட்டேன்” என்று என் வீட்டுக்காரர் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவன் சீட்டு எனக்கு எதுக்குடா?” என்றார் மாமா. ஆனாலும் பிள்ளை கண் கலங்கி நின்றதும் முனகிக்கொண்டே ஏறினார். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

போர்ச் சாலைப் பக்கம் சரிவு. அதனால்தான் சக்கரங்களுக்கு முன்னால் எப்போதும் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தார்.

“கல்ல ஏங்க எடுக்கிறீங்க?”

“கல்லு இருந்தா பழம் எப்படி நசுங்கும்? ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன்லா. உனக்கு என்ன தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். எலுமிச்சம்பழத்துக்குத் தெரிந்திருந்தது. பூசாரி சூடத்தைக் கொளுத்தி முன்னால் வந்து நிற்கவும் பழங்கள் பிச்சென்று நசுங்கின. வண்டி கிளம்பிவிட்டது.

“ஐயோ, அப்பா!” என்று என் புருஷன் பின்னால் ஓடி வண்டியைப் பிடித்து இழுக்கிறார். அது நிற்குமா? பூசாரி தட்டைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிரஷாந்த் போனோடு செம்பருத்திச் செடிக்குள் விழுந்தான். நான் சேலையோடு சாக்கடைக்குள் இறங்கிவிட்டேன். உள்ளே மாமா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்க் காலி நிலத்து மண்மேட்டில் முட்டித்தான் வண்டி நின்றது. நல்லவேளை, சாலையில் ஒரு வாகனமும் வரவில்லை.

“அங்கிள், இந்த மாடல்ல ஹேண்ட்பிரேக் வீலப் பிடிக்காது. ஷாஃப்ட் இல்லன்னா அது சும்மாதான்” என்று செடிக்குள்ளிருந்து பாடம் நடத்தினான் பிரஷாந்த். போட்டோ எடுக்க வந்த வாய் முன்னாடியே அதைச் சொல்லியிருக்கலாம்.

சேறு சொட்டச் சொட்ட ஓடினேன். மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா! அடி கிடி பட்டுச்சா?”

மெதுவாகத் திரும்பினார். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர். ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை.

“நான் ஹாரன் அடிச்சேன் தாயி. எல்லாரும் ஒதுங்குனீங்க” என்றார்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த என் புருஷன் அப்பனைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “கேட்டத் தாண்டிருச்சுல்ல ஜானகி?”

அந்த வாயை என்ன செய்வது? என் புருஷன் மேல் எனக்கிருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் இரும்புக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். வண்டி அங்கேயே கிடக்கட்டும். சக்கரங்களுக்குச் செங்கல்லை என் கையாலேயே வைத்தேன். அந்த ஆளை நம்ப முடியாது.

கல்யாணத்துக்கு முதல்நாள் போர்ச்சைக் கழுவி அடுப்புகளை இறக்கினோம். மாமா முன்வாசல் வழியாக நடந்து போய், சாலையைக் கடந்து, அந்தத் தொரை சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் லாரியிலிருந்து பெரிய அண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையோரமாக வந்தேன். எதிரிலிருந்து ஹாரன் அடித்தது. வண்டி எங்கேயும் போகவில்லை, போகவும் போகாது. நான் அண்டாவோடு ஒதுங்கி நின்றேன்.