இன்னொரு பார்ட்டி

"இருக்கா?" என்று கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர், "இருக்கு" என்று பதில் போட்டதும் காணாமல் போய்விடுவார்கள்.

வெல்டரின் மனைவிக்கு அது பழகிவிட்டது. பட்டறையில் அவர் செய்யும் சாமான்களைப் போனில் படம் பிடித்து விற்பனைப் பக்கத்தில் போடுவதும், கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் வேலை. துணி துவைத்த ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு எழுதுவாள். கேட்பவர்களுக்கெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எதைப் போட்டாலும் கடைசி விலை என்ன என்று மட்டும் கேட்கிறவர் 'கடைசி விலை'. படத்திலேயே அளவு எழுதியிருந்தும் அளவு கேட்கிறவர் 'கண்ணாடி'. தினமும் வந்து அதே அலமாரியைப் பார்த்து, ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர் 'மாப்பிள்ளை'.

"தினம் வந்து பொண்ணு பாத்துட்டுப் போறான். கட்டிக்கிற எண்ணமே கிடையாது," என்பார் வெல்டர்.

இப்போது விற்க வேண்டியது ஒரு கட்டில். கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு மெல்ல எழும்பும். நோயாளியை யாரும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காமலே சாய்த்து உட்கார வைக்கலாம். இரண்டு பக்கமும் மடக்கக்கூடிய தடுப்புக் கம்பி. நர்சிங் ஹோம் நடத்திய ஒருவர் கேட்டுச் செய்தது. கட்டில் முடிவதற்குள் அவர் நர்சிங் ஹோமை இழுத்து மூடிவிட்டு, போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். இரும்புக்குப் போட்ட பணமெல்லாம் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டது. அது விற்றால்தான் அடுத்த வேலைக்கு இரும்பு வாங்க முடியும். விற்காவிட்டால் வெல்டர் பழையபடி குடோனுக்கு மூட்டை தூக்கப் போக வேண்டும். அங்கே தூக்கித் தூக்கித்தான் அவருடைய வலது தோள் போயிற்று. இன்றைக்கும் சட்டை மாட்ட அவள் பின்னால் நின்று பிடிக்க வேண்டும்.

அவளுடைய தம்பி போன் கடையில் விற்பனை வேலை பார்ப்பவன். ஒருநாள் பட்டறைக்கு வந்தவன், அக்காவின் போனை வாங்கி, கட்டிலை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இத்தனை பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூட வாங்கலையா? அக்கா, பாக்கிறவன் பாத்துட்டேதான் இருப்பான். காசு இருந்தாலும் நாளைக்கு வாங்கிக்கலாம்னு தூங்கிடுவான். நாமதான் எழுப்பணும்."

"எப்படி எழுப்புறது?"

"இன்னொரு பார்ட்டி கேட்டிருக்காங்க, நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்கன்னு ஒரு வரி போடு. அலறி அடிச்சுட்டு வருவான்."

"இல்லாத பார்ட்டியையா?"

"எங்க கடையில பாதி வியாபாரம் அந்தப் பார்ட்டியாலதான் நடக்குது. நான் அவரைப் பாத்ததே இல்ல. தங்கமான மனுஷன்."

கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வெல்டர், "நான் வெல்டு வெச்சா நிக்கும் மாப்ள. நீ வாயால வைக்கிறது நிக்குமா?" என்றார்.

"எதுக்கு மாமா நிக்கணும்? பில் போடுற வரைக்கும் நின்னாப் போதும்."

அன்றைக்கே அவள் 'கண்ணாடி'க்கு அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்தாள். நாட்கணக்கில் ஒரு ஏணியின் அளவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஆள், பொழுது சாய்வதற்குள் வண்டியோடு வந்து நின்றார். அளவைக்கூடக் கேட்கவில்லை. வெல்டர் வாயைத் திறக்காமல் ஏணியைத் தூக்கிக் கொடுத்தார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் 'பூப்படம்' வந்தாள். தன் முகத்துக்குப் பதிலாக ஒரு சூரியகாந்தியை வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவளுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பிடித்து நடத்தினால் நாலடி வைப்பார், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். பூப்படத்துக்கு வேண்டியது கட்டில்தான், விலையைக் குறைக்கச் சொல்லி அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. சுற்றும்போது சத்தம் வருமா? பெயிண்ட் வாடை அடிக்குமா? எங்க வீட்டுக் கதவு குறுகல், நுழையுமா? வெல்டர் கதவின் அளவைக் கேட்டு வாங்கி, தடுப்புக் கம்பியை மடக்கினால் நுழையும் என்று சொல்லச் சொன்னார். சத்தம் வரக்கூடாது என்று, தலைமாட்டை ஏற்றி இறக்கும் மரைத்தண்டுக்கு இன்னொரு தரம் கிரீஸ் போட்டார். போனைப் பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்து, அவரே நோயாளியாகப் படுத்துக்கொண்டார். மனைவி கைப்பிடியைச் சுற்ற, மேலெல்லாம் இரும்புத் தூளோடு அவர் மெல்ல எழும்பி உட்கார்ந்தார். அந்த வீடியோவை அனுப்பினாள்.

"நோயாளி நல்லா திடகாத்திரமா இருக்காரே," என்று பூப்படம் எழுதினாள். பிறகு, "அப்பாகிட்ட காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொல்றார். தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றாள்.

தம்பியைக் கேட்கிறேன் என்றவர்கள் திரும்பி வந்ததாக வெல்டரின் மனைவிக்கு அனுபவமில்லை. இரண்டு நாள் பார்த்தாள். குடோன் மேஸ்திரி போன் செய்து, வருகிறாயா இல்லையா என்று வெல்டரிடம் கேட்டுவிட்டார். புருஷன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் எழுதினாள்.

"அக்கா, இன்னொரு பார்ட்டியும் கட்டிலைக் கேக்கிறாங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கிறோம்னு சொல்றாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் வரியாகத் தெரிந்தது; இது ஏணி இல்லையே, நோயாளிக் கட்டில் அல்லவா, நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் எழுதினாள். "அவங்க வீட்டுல ஒரு அம்மா. மூச்சு வாங்குது. படுக்கவே முடியலையாம். உக்காந்தே தூங்குறாங்களாம்."

பதில் உடனே வந்தது.

"ஐயோ. அப்ப அவங்களுக்கே குடுத்துடுங்க. எங்க அப்பாவால படுக்கவாவது முடியுது. உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா."

அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அலறி அடித்துக்கொண்டு வருவார்கள் என்றுதான் தம்பி சொன்னான். விட்டுக்கொடுப்பார்கள் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வெல்டர் வந்ததும் சொன்னாள். மறைத்துப் பழக்கமில்லை. அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்த அம்மாவை எங்கேருந்து பிடிச்ச?"

"சும்மா வந்துச்சு."

"இப்பவே எழுது. பொய் சொல்லிட்டேன், கட்டில் இங்கதான் இருக்குன்னு எழுது."

"எழுதினா வாங்குவாங்களா? த்தூன்னு துப்புவாங்க. நாலு பேருகிட்ட வேற சொல்லுவாங்க. ரெண்டு நாள் போகட்டும்ங்க. அந்தப் பார்ட்டி வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். தம்பியும் அதான் சொல்றான்."

"உன் தம்பி போன் விக்கிறவன். அதுல யாரும் படுக்க மாட்டாங்க."

அவருக்கும் அதற்கு மேல் வழி தெரியவில்லை. அந்த வாரமே குடோனுக்குப் போனார். காலையில் சட்டையைப் பிடித்து மாட்டிவிடும்போது அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குக் கேட்டது. ரெண்டு நாள் என்றவள், வெட்கத்தில் இன்னும் சில நாட்களைத் தள்ளிவிட்டாள். கடைசியில், அந்தப் பார்ட்டிக்கு வேறு இடத்தில் கட்டில் கிடைத்துவிட்டது, உங்களுக்கே தரலாம் என்று எழுதினாள்.

"அப்பாடா, அந்த அம்மாவுக்குக் கிடைச்சிருச்சா? சந்தோசம்," என்று பூப்படம் எழுதினாள். "எங்களுக்கு இப்ப வேணாம்மா. தம்பி எங்க பழைய கட்டிலோட தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் அடுக்கிக் குடுத்துட்டான். அதுவே சரியா இருக்கு. கட்டிலுக்கு வெச்சிருந்த காசும் மருந்துக்குப் போயிடுச்சு."

கட்டிலைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

ஆனால் வேறு வேலைகள் வர ஆரம்பித்தன. ஒருவர் ஜன்னல் கம்பிக்கு வந்தார். ஒருவர் தண்ணீர் டாங்கிக்கு ஸ்டாண்ட் கேட்டார். இருக்கா என்று கேட்டவர்கள் காணாமல் போகவில்லை, முன்பணம் கொடுத்தார்கள். இரும்பு வந்தது. வெல்டர் குடோனை விட்டார். அவளுக்குக் காரணம் புரியவில்லை, ஒரு தையல்காரம்மா வரும்வரை.

தையல்காரம்மா துணி அடுக்க ஒரு ராக் கேட்டு வந்தாள். அளவெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எங்க பக்கத்து வீட்டு அக்காதான் உங்ககிட்ட போகச் சொன்னாங்க. போன்ல சூரியகாந்திப் படம் வெச்சிருப்பாங்களே," என்றாள். "காசு வந்தாப் போதும்னு பாக்காம, உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க ஒருத்தர் கேக்கிறாங்கன்னு நீங்க வெளிப்படையாச் சொன்னீங்களாம். இந்தக் காலத்துல யாரு சொல்லுவா? உங்களை நம்பிக் காசு குடுக்கலாம்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க."

வெல்டர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவங்க அப்பா எப்படி இருக்கார்?" என்று அவள் கேட்டாள்.

"அதை ஏன் கேக்கிறீங்க? செங்கல் நகர்ந்து கட்டில் சரிஞ்சிருச்சு. மனுஷன் கீழ விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. முன்னாடி பிடிச்சாலாவது நடப்பார். இனி அதுவும் இல்லன்னுட்டாங்க." தையல்காரம்மா மூலையைப் பார்த்தாள். "அது என்ன, மூடி வெச்சிருக்கீங்க?"

"பழைய சாமான்," என்றாள் அவள்.

தையல்காரம்மா போனதும் வெல்டர் தார்ப்பாயை உருவினார். தூசி எழும்பியது. துணியை எடுத்து, கைப்பிடி, கம்பி, கால் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"வண்டிக்காரனைக் கூப்பிடு."

"காசு?"

"அவங்களால எப்ப முடியுதோ அப்பக் குடுக்கட்டும். குடுக்கலைன்னாலும் போகட்டும்."

"என்னன்னு சொல்லிக் குடுக்கிறது?"

"அதை நீதான் யோசிக்கணும். எழுதினது நீ."

வண்டியில் போகும்போது அவள் யோசித்தாள். உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுவது. அக்கா, அப்படி ஒரு அம்மாவே இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது. தெருவில் சொன்னால் சொல்லட்டும். வாய்க்குள் அந்த ஒரு வரியையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கதவு குறுகல்தான். கம்பியை மடக்கியதும் கட்டில் உரசாமல் நுழைந்தது. பூப்படம் அவள் நினைத்ததைவிடச் சின்ன உருவம். வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள் போல, தோளில் இருந்த பையைக் கழற்றாமலே நின்றாள். வண்டிக்காரரும் வெல்டரும் பெரியவரைப் போர்வையோடு தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் வலியில் முனகினார். வெல்டர் கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே வரவில்லை. தலைமாடு எழும்ப எழும்ப, பெரியவர் ஒரு பக்க வாயால் எதையோ சொல்ல முயன்று, வெல்டரைக் கையால் காட்டினார்.

"உங்களை அடையாளம் தெரிஞ்சிருச்சு," என்றாள் பூப்படம். "வீடியோவுல படுத்திருந்தீங்கல்ல?"

வெல்டர் தலையாட்டிவிட்டு, கால்மாட்டில் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை ஸ்பேனரால் இறுக்க ஆரம்பித்தார். சொல் என்று அவர் சொல்லவில்லை. குனிந்த முதுகே சொல்லிற்று.

"அக்கா," என்று அவள் ஆரம்பித்தாள்.

"காசு மாசாமாசம் குடுத்துடறேன்மா. தப்பா நினைக்காதே," என்று பூப்படம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கணும்னே இருந்தேன். அந்த அம்மா எப்படி இருக்காங்க? இப்பவாவது படுத்துத் தூங்குறாங்களா?"

அந்தக் கை சூடாக இருந்தது.

"தூங்குறாங்க."

"அது போதும். எங்க அப்பாவுக்கு வேண்டிக்கிறப்போ எல்லாம் அவங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன். ஆனா பேர் தெரியாம, அந்த அம்மா அந்த அம்மான்னே சொல்லிட்டிருக்கேன். அவங்க பேர் என்னம்மா?"

அவள் கால்மாட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அம்மா செத்து வெகுநாளாயிற்று.

கால்மாட்டில் ஸ்பேனர் நின்றது. பூப்படம் அந்தப் பெயரை மறக்காமலிருக்க, உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.